இடது காதில் பொரிந்த கடுகு

என் வாய்க்கு ஒரு பூட்டுப் போட வேண்டும் என்று என் கணவர் கல்யாணமான முதல் மாதத்திலிருந்தே சொல்லி வந்தார். நான் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை. தொண்ணூறுகளின் நடுவில் வந்த ஓர் ஆயுத பூஜையன்றுதான் அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று ஒத்துக்கொண்டேன். நான் கிண்டலாகச் சொன்ன ஒரே ஒரு வாக்கியத்தை நம்பி, ஒரு மனிதர் இருபது வருடமாகத் தனக்குச் சோறு போட்ட காதைச் சந்தேகப்பட்டு, வேலையையே விடத் துணிந்துவிட்டார்.

நான் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவள். கணபதியில் எங்கள் வீட்டு முன்னறையில் ஜன்னலை ஒட்டி ஒரு மேஜை போட்டு, பழைய ஸ்டீரியோ ரிசீவர்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். ரேடியோவும் ஆம்பிளிஃபயரும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் ஜப்பான் சாமான்கள் அவை. வெள்ளி நிற முகப்பு, கனமான குமிழ்கள், மரப் பெட்டி. எழுபதுகளில் சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் யாராவது மாமனோ மச்சானோ சுமந்துகொண்டு வந்தவையாக இருக்கும். இருபது வருடம் கழித்து ஒவ்வொன்றாக இரைச்சல் போட ஆரம்பித்திருந்தன.

பெட்டியைக் கொண்டு வருபவர்கள் எல்லோரும் என் கணவரிடம்தான் பேசுவார்கள். அவர் ஒரு பம்ப்செட் கம்பெனியில் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிறவர். டிரான்சிஸ்டருக்கு எத்தனை கால் என்று கேட்டால் யோசிப்பார். ஆனாலும் வந்தவர் சொல்வதை எல்லாம் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டு, "பாத்துப்போடலாமுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டு, உள்ளே வந்து, "என்னமோ சொல்றாரு, நீயே கேட்டுக்க புள்ள" என்பார். எனக்கு ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. பிறகு இது ஒரு வசதி என்று புரிந்தது. வந்தவரிடம் வளவளவென்று பேசுகிற வேலை அவருடையது. பெட்டியைத் திறக்கிற சுகம் என்னுடையது.

அந்தப் பெட்டிகளில் எனக்குப் பிடித்த பழுது ஒன்று உண்டு. பாட்டு நன்றாகத்தான் வரும். கூடவே ஒரு பக்கத்தில் மட்டும் 'சர்' என்று ஓர் இரைச்சல், நடுநடுவே படபடவென்று வெடிப்பு. எண்ணெயில் கடுகு பொரிகிற அதே சத்தம். அதனால் எங்கள் வீட்டில் அதற்குக் கடுகுச் சத்தம் என்றே பெயர். உள்ளே இருக்கிற சின்னச் சின்ன டிரான்சிஸ்டர்களில் ஏதோ ஒன்று வயதாகிக் கெட்டுப்போனால் அப்படிப் பொரியும். பார்க்க எல்லாம் ஒன்று போலவே இருக்கும், மிளகு அளவுக் கறுப்புத் தலையும் மூன்று கால்களுமாக. எது குற்றவாளி என்று மீட்டர் வைத்தாலும் தெரியாது.

அதைக் கண்டுபிடிக்க நான் வைத்திருந்த வழி குச்சி ஐஸ்தான். சரியாகச் சொன்னால் குச்சி இல்லாத ஐஸ். நீளமான பிளாஸ்டிக் குழாய்க் கவரில் ஆரஞ்சு கலரில் அடைத்து, சைக்கிளில் கொண்டு வந்து விற்பார்களே, அது. கெட்ட டிரான்சிஸ்டரைக் குளிர வைத்தால் பொரிவது சட்டென்று அடங்கிவிடும். கவருக்குள் இருப்பதால் தண்ணீர் சிந்தாது, குழாய் ஒல்லியாக இருப்பதால் நெருக்கமான இடத்திலும் நுழையும். ஒவ்வொரு தலையாகத் தொட்டுக்கொண்டே போய், எங்கே தொட்டதும் சத்தம் நிற்கிறதோ அங்கே நிற்க வேண்டும். அந்த நிமிடத்தில் எனக்கு வருகிற சந்தோஷத்துக்கு நான் காசே வாங்காமல் வேலை செய்யலாம் என்று தோன்றும். கடைசியில் ஐஸை நானே சாப்பிட்டுவிடுவேன்.

அந்த வருடம் ஆடி மாதத்தில் என் கணவர் ஒரு பெட்டியை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு வந்தார். அவருடைய கம்பெனியிலேயே டெஸ்டிங் பெஞ்சில் இருக்கிற அண்ணனுடையது. அந்த அண்ணனைப் பற்றி எங்கள் வீட்டில் அடிக்கடி பேச்சு வரும். கம்பெனியிலிருந்து வெளியே போகிற ஒவ்வொரு மோட்டாரையும் அவர் ஓடவிட்டு, ஒரு முழ நீள ஸ்க்ரூ டிரைவரின் நுனியை மோட்டார் மேல் வைத்து, பிடியை இடது காதில் வைத்துக் கேட்பார். பேரிங் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, உள்ளே ஏதாவது உரசுகிறதா என்று அந்தச் சத்தத்திலேயே சொல்லிவிடுவார். அந்த ஸ்க்ரூ டிரைவருக்குக் கம்பெனியில் காதுக்கோல் என்று பெயர். அவர் தலையை ஆட்டினால் மோட்டாருக்குப் பெயிண்ட் அடிப்பார்கள். ஆட்டாவிட்டால் முதலாளியே வந்து கெஞ்சினாலும் அது திரும்பக் கழற்றப் போகும்.

பெட்டி அவருடைய தாராபுரத்து மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டு வந்தது. நாள் முழுக்க மோட்டார் சத்தத்தில் கிடந்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து குளித்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் பாட்டுக் கேட்பது அவருக்கு வழக்கம். அதே அறையில் அவருடைய மனைவி டிவி பார்ப்பதால் ஸ்பீக்கரில் போட முடியாது.

எனக்கு அந்த வேலை அரை நாள்தான் ஆனது. மேல்மூடியைக் கழற்றி, ஐஸ் வைத்துப் பார்த்ததில் இடது பக்கத்து டிரான்சிஸ்டர் ஒன்று மாட்டியது. அதே ஜப்பான் நம்பர் காந்திபுரத்தில் கிடைக்கவில்லை. கடைக்காரர் புத்தகத்தைப் புரட்டி அதற்கு ஈடான வேறொன்றை எடுத்தார், பத்தாக வாங்கினால்தான் தருவேன் என்றார். அதற்குக் கால்களின் வரிசை வேறு. ஒரு காலின் மேல் இன்னொரு காலைத் தாண்டிப் போட வேண்டும், ஒன்றோடொன்று தொட்டால் போயிற்று. அதற்கு என் கணவர் காயில் சுற்றுகிற இடத்திலிருந்து எடுத்து வரும் மெல்லிய நூல் சிலீவைக் காலுக்குச் சட்டை மாதிரி மாட்டிவிடுவேன். மாட்டி, பற்றவைத்து, ஹெட்போனில் கேட்டேன். துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

அண்ணன் வாங்கிப் போக வந்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. நல்ல உயரம், நரைத்த கிராப்பு, யாரையும் நேராகப் பார்த்துப் பேசத் தயங்குகிற கண்கள். "ஏனுங்க அம்மணி, செரி ஆயிருச்சுங்களா?" என்றார்.

"சுத்தமா செரி ஆயிருச்சுங்கண்ணா. கடுகு பொரியற சத்தமெல்லாம் போயிருச்சு. இனிமே ஏதாச்சும் சத்தம் கேட்டா அது உங்க காதுலதான் இருக்கோணும், பொட்டில இருக்காது."

அவர் சிரித்தார். என் கணவரும் சிரித்தார். நான் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தேன். பெட்டியும் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

அதன் பிறகு இரண்டு தடவை அவரைப் பார்த்தேன். ஒரு தடவை காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில், இன்னொரு தடவை ஒரு வளைகாப்பில். இரண்டு தடவையும் நானே போய்க் கேட்டேன், பாராட்டு வாங்குகிற ஆசையில்தான். "பொட்டி எப்படிங்கண்ணா பாடுது?" இரண்டு தடவையும் அவர் ஒரே பதிலைச் சொன்னார். "நெம்ப நல்லா இருக்குதுங்க அம்மணி." நான் குளிர்ந்து போனேன். எங்கள் பக்கத்து ஆட்களைப் பற்றி எனக்குத் தெரியாதா என்ன? கல்யாண வீட்டில் உப்பே இல்லாத ரசத்தைக் குடித்துவிட்டு அருமையாக இருக்கிறது என்று சொல்லி இரண்டாவது தடவையும் வாங்கிக் குடிக்கிறவர்கள். முகத்துக்கு நேரே குறை சொல்வது எங்கள் ஊரில் கை நீட்டி அடிப்பதற்குச் சமம். எல்லாம் தெரியும். ஆனால் என் விஷயத்தில் மட்டும் உண்மையைத்தான் சொல்வார்கள் என்று நம்பினேன்.

புரட்டாசி பிறந்ததும் என் கணவர் ஒரு நாள் சாப்பிடும்போது, "அண்ணனுக்குக் காதுல என்னமோ கோளாறாமா" என்றார். "கோலை இப்பல்லாம் வலது காதுல வெச்சுப் பாக்கறாரு. அப்பறம் எடதுல வெக்கறாரு. மறுக்கா வலதுல. நேத்து ஒரு நல்ல மோட்டாரைக் கழட்டச் சொல்லிப்போட்டாரு. கழட்டிப் பாத்தா உள்ள ஒண்ணுமில்ல. மனுசன் மூஞ்சி செத்துப்போச்சு."

அடுத்த வாரம் இன்னொரு செய்தி வந்தது. ஆயுத பூஜையோடு டெஸ்டிங் பெஞ்சை விட்டுவிடுகிறேன், ஸ்டோர் ரூமில் போல்ட் நட்டு எடுத்துக் கொடுக்கிற வேலை கொடுங்கள் என்று அவர் முதலாளியிடம் கேட்டுக்கொண்டாராம். அன்று பூஜையில் வைக்கிற காதுக்கோலைத் திரும்ப எடுக்கப் போவதில்லையாம். எனக்கு வருத்தமாக இருந்தது. பாவம், அந்தச் சத்தத்தில் இத்தனை வருடம் நின்றால் காது என்ன ஆகும் என்று பேசிக்கொண்டே மோர் ஊற்றிச் சாப்பிட்டேன். இதில் எனக்கு ஒரு பங்கு இருக்கும் என்று கனவில்கூட நினைக்கவில்லை.

ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் குடும்பத்தோடு கூப்பிடுவார்கள். காலையில் எங்கள் வீட்டில் என் சால்டரிங் அயர்னுக்கும் மீட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு, மதியத்துக்கு முன்னால் அங்கே போனோம். ஷெட்டை அலசிவிட்டு வாசலில் வாழை கட்டியிருந்தார்கள். லேத்துகளுக்கு மாலை போட்டிருந்தார்கள். ஓர் எந்திரமும் ஓடவில்லை. அவ்வளவு பெரிய ஷெட்டில் பொரி மெல்லுகிற சத்தம் கேட்டது.

சாமி படத்துக்கு முன்னால் சுத்தியல், ஸ்பேனர், வெர்னியர் எல்லாவற்றோடும் காதுக்கோலும் இருந்தது. பிடி தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. தீபாராதனை முடிந்ததும் அண்ணன் அதைக் கும்பிட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் ஓரமாகப் போய் நின்றுகொண்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. சுண்டல் தொன்னையோடு பக்கத்தில் போனேன்.

"ஏனுங்கண்ணா, டாக்டர்கிட்டக் காட்டுனீங்களா?"

"காட்டி என்னங்க ஆகப்போகுது? வயசாயிருச்சு."

"என்னதான் பண்ணுதுங்க?"

அவர் தொன்னையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எடது காதுல கடுகு பொரியுதுங்க அம்மணி."

கடுகு என்ற சொல் என்னை எங்கோ இடித்தது. அது எங்கள் வீட்டுச் சொல். ஆடி மாதம் பெட்டியைக் கொடுத்தபோது அவரிடம் நான்தான் அப்படிச் சொல்லியிருந்தேன்.

"இப்பக் கேக்குதுங்களா? இங்கதான் எந்தச் சத்தமும் இல்லையே, நல்லாக் கேட்டுப் பாருங்க."

அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். "இப்ப இல்லீங்க."

"அப்ப எப்பங்க கேக்கும்?"

"சாய்ந்தரம் பாட்டுக் கேக்கறப்பதானுங்க தெரியும். ஒக்காந்து ஒரு அரை மணி நேரம் ஆனா ஆரம்பிச்சுக்குது. காது சூடாயிருதோ என்னமோ."

அரை மணி நேரம், சூடு. எனக்குக் கையிலிருந்த சுண்டல் மறந்துவிட்டது. பெட்டியை நான் எப்படிச் சோதித்தேன் என்று நினைத்துப் பார்த்தேன். மூடியைக் கழற்றிப் போட்டுவிட்டு, தலைக்கு மேல் ஃபேன் சுற்ற, பத்து நிமிடம் கேட்டுவிட்டுச் சரி என்று சொல்லியிருந்தேன். அந்தக் காற்றில் எந்த டிரான்சிஸ்டரும் சூடாகியிருக்க வாய்ப்பே இல்லை.

"ஏனுங்கண்ணா, பொட்டியில சத்தம் வருதுன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதுங்களா?"

"பொட்டியில இல்லீங்களே" என்றார் அவர், எனக்கு ஆறுதல் சொல்கிற குரலில். "நீங்கதான் அன்னைக்கே சொன்னீங்களே. இனிமேச் சத்தம் கேட்டா அது காதுலதான்னு."

அதில் துளிகூடக் குத்தல் இல்லை. இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அந்த வார்த்தையை நான் சொன்ன தோரணை, சிரித்த சிரிப்பு எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தது. அவமானத்தில் காது மடல் சுட்டது. ஓடிப்போய் என் கணவரின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"ஸ்கூட்டரை எடுங்க. அண்ணன் ஊட்டுக்குப் போகோணும்."

"சாப்பாடு போடப் போறாங்க புள்ள."

"வந்து சாப்பிட்டுக்கலாமுங்க. நாந்தான் அண்ணன் காதைக் கெடுத்தேன்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் ஸ்கூட்டரை எடுத்தார். அவரிடம் எனக்குப் பிடித்த குணங்களில் அது முதலாவது.

அண்ணன் வீடு சரவணம்பட்டியில் சோளக்காட்டை ஒட்டி இருந்தது. நான் வரச் சொன்னதில் அவர் தன் மனைவியை சைக்கிள் கேரியரில் உட்கார வைத்துக்கொண்டு எங்களுக்குப் பின்னால் வந்து சேர்ந்தார். அறைக்குள் போனதும் எனக்கு இன்னொரு உண்மை தெரிந்தது. கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள் பெட்டியை நுழைத்து வைத்திருந்தார்கள். காற்றுப் போகிற ஓட்டைகளுக்கு மேல் அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், கையால் பின்னிய பூ விரிப்பு. அந்த வெக்கையில் முட்டையை வைத்திருந்தால் குஞ்சு பொரித்திருக்கும்.

"ஒண்ணையும் எடுக்காதீங்கக்கா, அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, ரேடியோவைப் போட்டு ஹெட்போனை நானே மாட்டிக்கொண்டேன். அரை மணி நேரம் நாலு பேரும் உட்கார்ந்திருந்தோம். அக்கா காபி கொடுத்தார். என் கணவர் மணியைப் பார்த்தார், கம்பெனிச் சாப்பாட்டை நினைத்துத்தான். பாட்டு சுத்தமாக வந்துகொண்டிருந்தது. ஒருவேளை எல்லாம் என் கற்பனைதானோ, இவர் காது நிஜமாகவே போய்விட்டதோ என்று நினைத்து ஹெட்போனை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அப்போது இடது பக்கத்தில் படபடவென்று பொரிந்தது. ஒரு பழுதைக் கேட்டு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது கிடையாது.

"கேக்குதுங்கண்ணா. எனக்கும் கேக்குது. பொட்டிதான், உங்க காது இல்லை."

அவர் புன்னகைத்தார். நம்பாத புன்னகை அது. "எனக்காகச் சொல்றீங்க. பரவால்லீங்க அம்மணி."

அதுதான் எங்கள் ஊர். இரண்டு மாதமாக எனக்காகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தவர், நான் சொல்கிற உண்மையையும் அதே கணக்கில் சேர்த்துவிட்டார். எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. ஹெட்போனைக் கழற்றி அவர் தலையில் நானே மாட்டினேன்.

"எந்தக் காதுல பொரியுதுங்க?"

"எடதுலதானுங்க."

"இப்பக் கழட்டி, எடது பக்கத்தை வலது காதுக்கு வர்ற மாதிரி மாத்தி மாட்டுங்க. உங்க காதுதான் கெட்டிருந்தா சத்தம் எடதுலயே நிக்கோணும். பொட்டியில இருந்தா வலதுக்கு வந்துரும்."

அவர் கழற்றி மாற்றி மாட்டினார். கண்ணை மூடினார். பிறகு கண்ணைத் திறந்து, மறுபடி கழற்றி, முதலில் இருந்தபடி மாட்டினார். திரும்பவும் மாற்றினார். ஆறேழு தடவை மாட்டினார், கழற்றினார்.

"என்னங்க, கொழந்தையாட்டம்?" என்றார் அக்கா.

"வலதுல பொரியுது" என்றார் அவர். அக்கா பக்கம் திரும்பினார். "இவளே, வலதுல பொரியுது. எடதுல ஒண்ணுமே இல்லை."

நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். பெட்டியைச் சரியாகப் பார்க்காமல் கொடுத்ததற்கு ஒரு தடவை, வாயை வைத்துக்கொண்டு சும்மா இராததற்கு ஒரு தடவை. அவருக்கு இரண்டும் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. இன்னும் மாட்டிக் கழற்றிக்கொண்டுதான் இருந்தார்.

பெட்டியை என் மடியில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் வீட்டுக்கு வந்தேன். அது பத்துப் பன்னிரண்டு கிலோ இருக்கும். ஒவ்வொரு குழியிலும் என் தொடை நசுங்கியது, ஆனாலும் சிரித்துக்கொண்டேதான் வந்தேன். உடனே திறக்கக் கை பரபரத்தது. ஆனால் அயர்ன் பூஜையில் இருந்தது. பூஜையில் வைத்த கருவியை மறுநாள் காலை வரை தொடக்கூடாது. "உன் வாயைத்தான் பூசையில வெச்சிருக்கோணும்" என்றார் என் கணவர். பெட்டியையும் சாமிக்கு முன்னால் கொண்டுபோய் வைத்து, அதன் குமிழுக்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டுத் தூங்கினேன்.

விஜயதசமி காலையில் குளித்ததும் அயர்னைக் கும்பிட்டு எடுத்தேன். இந்தத் தடவை யார் குற்றவாளி என்று ஐஸ் வைத்துத் தேடவில்லை. ஒன்று போனால் அதே வயதுள்ள மற்றவையும் போகும் என்று உறைத்திருந்தது. அந்த ரகத்தில் இரண்டு பக்கமும் சேர்த்து மீதி ஒன்பது இருந்தன. என்னிடம் காந்திபுரத்துப் பத்தில் ஒன்பது மிச்சம். ஒன்பதையும் எடுத்தேன், ஒன்பதுக்கும் காலைத் தாண்டிப் போட்டு சிலீவ் மாட்டினேன். வலது பக்கம் ஒன்றைக் கழற்றும்போது பக்கத்திலிருந்த ரெசிஸ்டர் ஒன்றின் கால் ஒடிந்துவிட்டது. அதே மதிப்பு கைவசம் இல்லை. கிட்டத்தட்ட அதே மாதிரி ஒன்றைப் போட்டேன். இதெல்லாம் யார் காதுக்குத் தெரியப் போகிறது என்று நினைத்தேன். திருந்துவதற்கு எனக்கு ஒரு நாள் போதவில்லை.

மூடியைப் போட்டு மரையை முடுக்கினேன். ஃபேனை நிறுத்தினேன். பெட்டிக்கு மேல் கம்பளியைப் போர்த்தி, நாலு மணி நேரம் பாடவிட்டேன். "காய்ச்சலடிக்குதா அதுக்கு?" என்று கேட்டுவிட்டு என் கணவர் கம்பெனிக்குப் போனார். அன்று அங்கே பூஜை பிரித்துக் கருவிகளை எடுக்கிற சடங்கு இருந்தது. நான் ஹெட்போனோடு உட்கார்ந்தேன். வேர்வை கழுத்தில் ஓடியது. ஒரு கடுகுகூடப் பொரியவில்லை.

நாலு மணிக்கு அண்ணனும் அக்காவும் வந்தார்கள். அவரை மேஜைக்கு முன்னால் உட்கார வைத்து ஹெட்போனைக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு நான்கைந்து பாட்டுக் கேட்டார். இடையில் இரண்டு தடவை மாற்றி மாட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு கழற்றி வைத்துவிட்டு, "நெம்ப நல்லா இருக்குதுங்க அம்மணி" என்றார்.

அந்த வாக்கியத்தை நான் இனி எப்படி நம்புவது?

"அந்த வார்த்தையை மட்டும் சொல்லாதீங்கண்ணா. ஒரு கொறை சொல்லுங்க. சொன்னாத்தான் பொட்டியத் தருவேன்."

"கொறையெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

"கம்பெனியில மொதலாளி மோட்டாருன்னா சும்மா உட்டுருவீங்களா?"

அவர் நெளிந்தார். அக்காவைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். ஒரு மனிதர் இவ்வளவு சங்கடப்பட்டு நான் பார்த்ததில்லை. கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு, "தப்பா எடுத்துக்காதீங்க" என்று ஆரம்பித்தார். "வலது பக்கம் ஒரு நூல் சத்தம் கம்மியா இருக்கற மாதிரி... எனக்குத்தான் அப்படித் தோணுதோ என்னமோ."

எனக்குக் கேட்கவில்லை. நாலு மணி நேரம் கேட்டும் எனக்குத் தெரியவில்லை. மீட்டரை எடுத்து இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்தேன். முள் வலது பக்கத்தில் ஒரு மயிரிழை கீழே நின்றது. அவசரத்துக்குப் போட்ட ரெசிஸ்டர். என் திருட்டுத்தனத்தை அந்தக் காது கண்டுபிடித்துவிட்டது.

"இருக்குதுங்கண்ணா" என்றேன். "நெஜமாவே கம்மி. நாந்தான் தப்பு செஞ்சுபோட்டேன். மீட்டரே தடவிப் பாத்துத்தான் சொல்லுது, நீங்க சும்மா சொல்லிப்போட்டீங்க."

அவர் முகத்தில் வந்ததைச் சந்தோஷம் என்று சொன்னால் போதாது. என் வேலையைக் குறை சொன்ன ஒருவருக்கு உள்ளே ஓடிப்போய் மைசூர்பாகு எடுத்து வந்து கொடுத்தது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

அதே நேரத்தில் என் கணவர் கம்பெனியிலிருந்து வந்தார். பையிலிருந்து பேப்பரில் சுற்றிய நீளமான ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். பிரித்தால் காதுக்கோல். பிடியில் நேற்றைய சந்தனம் காய்ந்திருந்தது. "மொதலாளிகிட்டச் சொல்லிப்போட்டனுங்க, அண்ணன் நாளைக்கு வாராருன்னு. இதை யாரும் எடுக்கமாட்டேன்னுட்டாங்க. நீங்களே எடுத்துக்குங்க."

அண்ணன் மைசூர்பாகை அக்கா கையில் கொடுத்துவிட்டு, வேட்டியில் கையைத் துடைத்து, கோலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு சுற்றும் முற்றும் பார்த்தார். மூலையில் அவர்களுக்காக நான் போட்டிருந்த டேபிள் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. நேராகப் போய் அதன் முதுகில் நுனியை வைத்துக் கேட்டார்.

"ஏனுங்க அம்மணி, தப்பா எடுத்துக்காதீங்க. இதுல பொறத்தால பேரிங் இன்னும் ரெண்டு மாசந்தானுங்க தாங்கும்."

அங்கிருந்து சமையலறைக்குப் போய் ஃபிரிட்ஜில் வைத்தார். கம்ப்ரசர் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது என்றார். என் கணவர் சிரித்துக்கொண்டே ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்து கொடுத்தார். அதில் மூன்று குறை சொன்னார். என் கணவரின் சிரிப்பு அதோடு நின்றது. "போதுமுங்க, வாங்க ஊட்டுக்கு" என்று அக்கா கூப்பிட்டும் அவர் நிறுத்தவில்லை. பக்கத்து வீட்டில் தண்ணீர் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டு, அங்கேயும் அனுமதி கேட்டுக்கொண்டு போனார். நான் இரண்டு ரெசிஸ்டரைச் சேர்த்துச் சரியான மதிப்பைக் கொண்டுவர அயர்னைச் சூடாகப் போட்டுவிட்டு, காம்பவுண்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் அவர் இடது காதில் வைத்துத்தான் கேட்டார்.